ரெண்டும் எரியுதா?

எதிர்ச் சுவரில் ஆள் உயரத்துக்கு வெளிச்சம் விழுந்திருந்தது. மர்பி டவுனின் அந்தச் சந்தில் சாயங்காலமே கரண்ட் போய்விட்டது, மழை வேறு விடாமல் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது; வீட்டை ஒட்டிய தன் ஷெட்டில் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்த முனிகிருஷ்ணன், சந்துக்குள் ஏதோ ஆட்டோ திரும்புகிறது என்றுதான் முதலில் நினைத்தான். ஆட்டோ எதுவும் வரவில்லை. ஷெட்டுக்குள் சந்துப் பக்கம் பார்த்து நின்ற அவனுடைய சொந்தக் காரிலிருந்துதான் வந்தது வெளிச்சம். ஹை பீம்.

அது எரிய வழியே இல்லை. தூரத்துக்கும் உயரத்துக்கும் அடிக்கிற ஹை பீமுக்குக் கரண்ட் கொண்டுபோகும் தீப்பெட்டி அளவு ரிலே அந்தக் காரில் கிடையாது. எட்டு மாதத்துக்கு முன்னால் அவன்தான் கழற்றினான். மைசூருக்குக் கிளம்பிய கஸ்டமர் நிருபமா மேடம் "ஸ்வல்ப பேக மாடி" என்று அவசரப்படுத்த, அதை அவர் காரில் போட்டு அனுப்பிவிட்டான். நம்ம வண்டிதானே, நாளைக்குப் பாத்துக்கலாம். ஊரார் காருக்கெல்லாம் லைட் வேலை பார்க்கிற மனுஷன் தன் காரை அப்படித்தான் வைத்திருப்பான். இந்தப் பழக்கத்துக்காக மனைவி சரசுவிடம் அவன் வாங்காத திட்டு இல்லை.

அதை இன்றைக்குச் சரிசெய்தே ஆக வேண்டும். காலையில் மகள் சுனிதா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "திங்கட்கிழமைல இருந்து நைட் ஷிஃப்ட்டுப்பா. பொம்மனஹள்ளிக்கு நான் கார்லயே போயிக்கறேன். லைட்டெல்லாம் ஒரு தடவ பாத்து வெச்சுடு." வேண்டாம் என்று சொல்ல அவனிடம் காரணம் இருந்தது. வாய்விட்டுச் சொல்லக்கூடிய காரணம் இல்லை.

காருக்குள் ஏறிப் பார்த்தான். ஸ்விட்ச் அணைந்த நிலையில்தான் இருந்தது. ஈரம் இறங்கி எங்கோ ஒயர் ஷார்ட் ஆகியிருக்கும், வேறென்ன. ஸ்விட்சை முன்னும் பின்னும் தள்ளிவிட்டு, வேலைப் பழக்கத்தில் தலையை வெளியே நீட்டிக் கேட்டுவிட்டான்.

"ரெண்டும் எரியுதா?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. பத்தொன்பது வருஷம் அவன் இப்படி உள்ளே உட்கார்ந்து கேட்பான். சரசு காருக்கு முன்னால் நின்று, கூசுகிற கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பதில் சொல்வாள். எரியுது. அணைஞ்சுடுச்சு. லெஃப்ட்டு கொஞ்சம் மங்கல். எந்த மீட்டரையும்விட அவள் கண்ணைத்தான் அவன் நம்பினான். இப்போது காருக்கு முன்னால் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதான்.

பிறகு இறங்கி பானெட்டைத் திறந்தான். ரிலே இருக்க வேண்டிய இடத்தில் துருப்பிடித்த துளைகள்தான் இருந்தன. பம்பர் பக்கமிருந்து நசுங்கிய கொத்தமல்லி வாசனை வந்தது. அவன் குனியவில்லை. அந்தப் பம்பர் புதியது. பழையதை அவனே கழற்றி, அவனே துண்டாக அறுத்து, சிவாஜிநகரில் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு வந்திருந்தான்.

ரிலேயைக் கொடுத்த அதே நாள் சாயங்காலம். இதே மாதிரி மழை, சந்து முனையில் இருட்டு. டிம் லைட்டின் தாழ்ந்த வெளிச்சத்தில் அவனுக்குத் தெரிந்தது ஒரு ஜோடி செருப்பு மட்டும்தான், அதுவும் வண்டி மோதிய பிறகுதான் செருப்பு என்றே புரிந்தது. அல்சூர் மார்க்கெட்டிலிருந்து கொத்தமல்லிக் கட்டோடு நடந்து வந்த சரசு. அவளை அதே காரில் போட்டுக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரி வாசலில் சுனிதா வந்து நின்றபோது, வாயில் வந்ததைச் சொன்னான். ஏதோ டெம்போ, இடிச்சுட்டு நிக்காம போயிட்டான். இன்றுவரை அவள் அந்த டெம்போக்காரனைத்தான் சபிக்கிறாள். அப்பா சாப்பிடாமல் அவள் தட்டில் கை வைப்பதில்லை. அவனுக்கு மிச்சம் அவள் ஒருத்திதான், இது தெரிந்தால் அவளும் போய்விடுவாள்.

லைட்டின் ஃபியூஸைப் பிடுங்கினான். எரிந்தது.

பேட்டரி ஒயரைக் கழற்றினான். எரிந்தது.

கடைசியில் இரண்டு பல்புகளையும் திருகி எடுத்தான். உள்ளங்கையில் அவை சில்லென்று இருந்தன. எதிர்ச் சுவரில் வெளிச்சம் கொஞ்சமும் குறையவில்லை, முன்னைவிடக் கூடியிருந்தது. அதில் மழைத் துளிகள் ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தன. ஓரிடத்தில் மட்டும் அவை தரைக்கு வரவில்லை. ஓர் ஆள் அகலத்துக்கு.

மணி ஏழாகப் போகிறது. ஏழுக்குச் சுனிதா வந்துவிடுவாள்.

காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். பல்புகள் பக்கத்து சீட்டில் கிடந்தன. ஸ்விட்சைத் தள்ளினான். மறுபடி. மறுபடி. அணைஞ்சிடு சாமி. அணைஞ்சிடு.

"லெஃப்ட்டு எரியுது."

கை நின்றது.

"ரைட்டும் எரியுது, சுனிதாப்பா."

அவனை அப்படிக் கூப்பிட ஒருத்திதான் இருந்தாள். முதலில் செருப்பு தெரிந்தது. பிறகு நனைந்த புடவைக் கரை. அன்றைக்கு டிம் லைட் காட்டாததையெல்லாம் இந்த வெளிச்சம் கீழிருந்து மெல்ல மெல்லக் காட்டிக்கொண்டு போனது. கையில் பை. பையில் கொத்தமல்லி. கண்ணுக்கு மேல் மறைப்பாகக் கை.

"சரசு, மன்னிச்சுடு," என்றான். குரல் கண்ணாடியைத் தாண்டவில்லை.

சந்து முனையிலிருந்து குடை ஒன்று வந்தது. சுனிதா. நேராக வெளிச்சத்துக்குள் வந்தாள்.

"அப்பா, கரண்ட் இல்லாம என்னப்பா பண்..."

பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். குடை கீழே விழுந்தது.

சரசு மகளைப் பார்க்கவில்லை. காருக்குள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குரலில் கோபமே இல்லை. சாப்பிட்டியா என்று கேட்கிற குரல்.

"இப்பத் தெரியறனா, சுனிதாப்பா?"

மழை பெய்தது. அவன் ஸ்விட்சைத் தள்ளிக்கொண்டே இருந்தான்.

"அப்பா," என்றாள் சுனிதா. "அம்மா ஏன் அப்படிக் கேக்கறாங்க?"

கண் கூச, அவளும் நெற்றியில் கையை வைத்தாள். இரண்டு பேரும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில், வெளிச்சத்தில் நனைந்துகொண்டு, அவன் பதில் சொல்லக் காத்து நின்றார்கள்.