கௌரியின் நெற்றி ஈரம்

கௌரியின் தலை நனைந்திருந்தது. வலப்பக்கம் மட்டும், நெற்றியிலிருந்து காது வரைக்கும் ஒரு கையகலத்துக்கு முடி ஈரமாகி ஒரே திசையில் படிந்து கிடந்தது. புதன்கிழமை மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்த றஞ்சிதம் முதலில் கூரையைப் பார்த்தாள். மழையும் இல்லை, ஒழுக்கும் இல்லை. கொட்டாஞ்சேனையில் இந்த லொட்ஜின் மூன்றாம் மாடிக்கு வந்து நான்கு நாளாகிறது. குழாயிலேயே தண்ணீர் ஒழுங்காக வந்தது கிடையாது. மகளின் நெற்றியைத் தொட்டு விரலை மணந்து பார்த்தாள். மென்ற புல்லின் மணம்.

“தலைக்கு வார்த்தனியே பிள்ளை?”

“இல்லையே அம்மா.”

வேர்வையாக்கும் என்று றஞ்சிதம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வேர்வை ஒரு பக்கம் மட்டும் வழியுமா என்று கேட்க அங்கே ஆள் இல்லை. மூன்று பிள்ளைகளில் இரண்டு பெடியன்களை யுத்தம் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது இந்த ஒன்றுதான். கனடாவில் மாப்பிள்ளை பேசி, யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து வான் வண்டியில் கொழும்புக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தாள். தூதரகத்து நேர்முகமும் நல்லபடி முடிந்தது. விசா வந்தால் பிள்ளை பறந்துவிடும். அதுவரை கண்ணுக்குள் வைத்துக் காத்தால் போதும்.

அடுத்த நாள் இடப்பக்கமும் நனைந்திருந்தது.

றஞ்சிதம் பூட்டைப் பார்த்தாள், யன்னலைப் பார்த்தாள், கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். பாயில் மணம் கூடியிருந்தது. புல்லும் சேறும், வெயிலில் காய்ந்த தோலும் கலந்த அந்த மணத்தை, துறைமுகத்து டீசல் புகையும் கருவாட்டு வாடையும் அடிக்கிற இந்தத் தெருவில் எதுவும் கொண்டுவந்திருக்க முடியாது. அது எங்கேயிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததை நினைக்க மறுத்தாள். ஆனாலும் நினைவு வந்தது.

கொழும்புக்கு வந்த வழியில், கந்தளாய் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்தபோது பொழுது பட்டுக்கொண்டிருந்தது. சரணாலயம், மெதுவாகச் செல்லவும் என்று மூன்று மொழியிலும் எழுதிய பலகை ஒன்று நின்றது. சாரதி வரதராசா பலகைகளை மதிக்கிற ஆள் இல்லை. ஏழு மணித்தியால ஓட்டத்தை ஐந்தில் முடிப்பவன் என்று பெயரெடுத்தவன். அப்படிப்பட்டவனே ஒரு வளைவில் மான்களைக் கண்டு காலைத் தளர்த்தினான். அப்போது பின்சீட்டிலிருந்து குரல் கொடுத்தது றஞ்சிதம்தான்.

“தம்பி, மிதியுங்கோ. செக்பொயின்ற் பூட்டினாங்கள் எண்டா விடியத்தான் விடுவாங்கள். பிள்ளைக்குக் காலமை இன்டர்வியூ.”

அவன் மிதித்தான். சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. தலையணையை நிலத்தில் போட்டதுபோல.

குட்டி நடுறோட்டில் கிடந்தது. தாய்மான் ஓடவில்லை. வானின் முன்விளக்கு வெளிச்சத்துக்குள்ளேயே வந்து நின்று, குட்டியின் நெற்றியை நக்கியது, நக்கிவிட்டு, எழும்புகிறதா என்று பார்த்தது, திரும்பவும் நக்கியது. தொண்டைக்குள்ளிருந்து மூக்கால் மெல்லக் கூப்பிட்டது. வரதராசா இறங்கிக் குட்டியைக் காலில் பிடித்துப் பற்றைக்குள் இழுத்துப் போட்டான். தாய் பின்னாலேயே போனது. ஏறிவந்தவன் கையைத் துணியில் துடைத்தான்.

“பாவம் அக்கா.”

“மிருகம்தானே தம்பி. நாளைக்கு மறந்திடும். வெளிக்கிடுங்கோ.”

அப்படிச் சொன்ன வாயை இப்போது கிழித்தெறியலாம்போல் இருந்தது. இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவள் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

வெள்ளிக்கிழமை கௌரி சோற்றுப் பார்சலைத் தள்ளி வைத்தாள். “பசிக்கேல்லை அம்மா, வயிறு நிறைஞ்சிருக்கு” என்றாள். எதனால் நிறைந்தது என்று றஞ்சிதம் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் தரம்தான் பிள்ளை திரும்பினாள். ஆனால் கதவுக்கு வெளியே யாருக்கும் கேட்காத எதற்கோ அவள் தலை சட்டென்று நிமிர்ந்தது.

பின்னேரம் வரதராசா வேறு ஆட்களை லொட்ஜில் இறக்கிவிட்டு, இவர்களைப் பார்க்க மேலே வந்தான். ஆள் மெலிந்திருந்தான்.

“நான் இப்ப காட்டுக்குள்ள நாப்பதுக்கு மேல போறேல்லை அக்கா. இவ்வளவு காலமும் எத்தினையை அடிச்சுப்போட்டு நிக்காமப் போனனான். நரி, மரை, ஒருக்கா சிறுத்தைக்குட்டி. திரும்பிப் பாத்ததே இல்லை.” குரலைத் தாழ்த்தினான். “அந்தத் தாய் திங்களும் செவ்வாயும் அதே இடத்தில நிண்டது. ஹோன் அடிச்சும் விலகேல்லை. ஒவ்வொரு வானுக்குள்ளயும் எட்டிப் பாத்துக்கொண்டு நிண்டது. புதன்கிழமையிலயிருந்து காணேல்லை. எங்கயோ போட்டுது.”

“புதன்கிழமையோ?”

“ஓம் அக்கா. தங்கச்சி சுகமோ?”

கௌரி பாயில் கால்களை உடலோடு மடித்துப் படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. றஞ்சிதம் அவனை அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டினாள். பூட்டிவிட்டு அழுதாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் நின்றது. தேவாலய மணி அடித்து ஓய்ந்தது. றஞ்சிதம் மெழுகுதிரியைக் கொளுத்தினாள். கீழே எங்கோ அழுத குழந்தையின் வாயை யாரோ பொத்தினார்கள். மாடிப்படியில் காலடி கேட்டது.

லொட்ஜ் முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டது. ராணுவம் சோதனைக்கு வருகிறது. இப்படியான நேரத்தில் என்ன செய்யவேண்டும் என்று இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். தட்டும்வரை காத்திருக்கக்கூடாது, பிந்தினால் சந்தேகம். றஞ்சிதம் இரண்டு அடையாள அட்டைகளையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் கையில் எடுத்தாள். “எழும்பு பிள்ளை, ஆமி வருது” என்றாள். கதவைத் தானே அகலத் திறந்துவைத்தாள்.

பிறகுதான் காது கொடுத்துக் கேட்டாள்.

சப்பாத்துச் சத்தம் இல்லை.

சீமெந்தில் சின்னச் சின்னதாக ஏதோ வைத்து வைத்து எடுக்கிற சத்தம். இரண்டு படி. நிற்கும். இரண்டு படி. ஒரு கால் சறுக்கியது. ஏறிப் பழக்கமில்லாத கால்.

புல் மணம்.

“பிள்ளை, உள்ளுக்குப் போ.”

கௌரி போகவில்லை. தாயைக் கடந்து கதவுக்கு வெளியே நடைக்கு வந்தாள்.

“கௌரி!”

திரும்பவில்லை.

“கௌரி, அம்மா கூப்பிடுறன். கௌரி!”

இருட்டுக்குள்ளிருந்து அது கூப்பிட்டது. மூக்கால். மெல்ல. ஒரே ஒரு தரம்.

கௌரி ஓடினாள்.

அட்டைகள் கையிலிருந்து விழுந்தன. றஞ்சிதம் மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு நடையின் மூலைவரை போனாள். எல்லாக் கதவும் பூட்டியிருந்தன. வெளிச்சம் நடுங்கியது. 

“அவள் என்ரை பிள்ளை” என்றாள். ஒரு மிருகத்திடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாள். “எனக்கு இந்த ஒண்டுதான்.”

தாய்மான் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. கோபம் ஏதும் அந்தக் கண்ணில் இல்லை. அதன் வயிற்றுக்குக் கீழே, கைகளை நிலத்தில் ஊன்றி, முழங்காலில் நின்று, முகத்தைப் புதைத்துக் கௌரி குடித்துக்கொண்டிருந்தாள். தொண்டை ஏறி இறங்கியது. நாடியிலிருந்து பால் சீமெந்தில் சொட்டியது. மான் கழுத்தை வளைத்து, அவளுடைய நெற்றியிலிருந்து காது வரைக்கும், ஆறுதலாக நக்கிக்கொண்டே நின்றது.