பாலத்தின் மேல் ஒரு நிழல்

ஞாயிற்றுக்கிழமை மதியம் லியென் மூன்றாம் மாடி அலுவலகத்தைத் திறந்தபோது ஆற்றுச் சேற்றின் வாடைதான் முதலில் வந்தது. மழைக்காலத்துக் கான்தோ நகரில் எல்லா அறைக்கும் அந்த வாடை உண்டு. குடையை மூலையில் சாய்த்துவிட்டு, தன் மேசைக்கு மேலிருந்த ஒரே ஒரு விளக்கை மட்டும் போட்டாள்.

கைபேசி அடித்தது. தலைமைப் பொறியாளன் வின்.

"சாப்பிட்டீங்களா அக்கா?"

"ம்."

"நீங்க 'ம்'னு சொன்னாலே பட்டினின்னு அர்த்தம்." சிரித்தவன் குரலைத் தாழ்த்தினான். "அந்தப் பாலத்துப் படத்துலேர்ந்து தோவான் அண்ணனை எடுத்துடுங்க. நாலு மணிக்கு அச்சுக்குப் போகணும். நாளைக்குப் பார்க்க வர்றவங்க படகுத்துறை ஜனங்க, அவர் முகம் தெரியும். செத்தவங்க படம் ஊதுபத்தி மாடத்துல இருக்கணும்க்கா. இன்னும் கட்டாத பாலத்துல நிக்க வைக்கக் கூடாது."

"தெரியும் தம்பி. எடுத்துடறேன்."

கட்டப்போகும் பாலத்தின் அளவு தெரிய, கணினிப் படத்தில் ஆட்களை நிறுத்துவார்கள். அதற்கு அலுவலகத்து ஆட்களையே வெள்ளைச் சுவர் முன் படமெடுத்து வைத்துக்கொள்வது இங்கே வழக்கம். லியெனின் கணவர் தோவான் நில அளவையாளர். சென்ற ஆண்டு இதே ஆற்றில் படகு கவிழ்ந்து போனார். உடல்கூடக் கிடைக்கவில்லை. வீட்டு மாடத்துப் படத்தில் விறைப்பாக இருப்பார். வெள்ளைச் சுவர் முன் மட்டும் சிரித்திருந்தார், கேமராவைப் பிடித்திருந்தது அவள் என்பதால்.

மூலப் படம் எப்போதோ தொலைந்துவிட்டது; இதை அழித்தால் அந்தச் சிரிப்பு அவள் கண்ணுக்கு இனி எங்கும் இல்லை.

கணினிப் படத்துக்குள், பார்வைக் கோணத்துக்கான கேமராவைப் பாலத்து நடைபாதையில் கண் உயரத்துக்கு வைத்திருந்தாள். காலை ஏழு மணிச் சூரியன், வலப்பக்கத்திலிருந்து. நடைபாதைக் கோடியில் தோவான். அவர் முகத்தைச் சூரியனிடம் மட்டும் ஒப்படைக்க மனமில்லாமல், அவருக்கென்று தனியாக ஒரு சிறு விளக்கும் வைத்திருந்தாள்.

அழித்தாள்.

கணினி மறுபடி வரைய, படம் மேலிருந்து கீழாகக் கட்டம் கட்டமாக விரிந்தது. வானம். கைப்பிடிக் கம்பிகள். ஆறு. தோவான் இல்லை.

அவர் நிழல் இருந்தது.

அவருக்கென்று வைத்த விளக்கை எடுக்க மறந்ததால் வந்த கோளாறாக இருக்கும். அதையும் நீக்கிவிட்டு மறுபடி வரையவிட்டாள். கம்பிகளின் நிழல்கள் இடப்பக்கம் சாய்ந்து கிடந்தன. அந்த ஒன்று மட்டும் கேமராவை நோக்கி நேராக நீண்டிருந்தது.

இரண்டு விளக்குக் கம்பங்களைத் தாண்டி வந்திருந்தது.

படத்திலுள்ள பொருள்களின் பட்டியலைத் திறந்தாள். பாலம், ஆறு, வானம், சூரியன், கேமரா. வேறு எதுவும் இல்லை.

சேற்று வாடை கூடியது. நாற்காலிக்குப் பின்னால் எங்கோ தண்ணீர் சொட்டியது. அவள் திரும்பவில்லை.

மூன்றாம் முறை. நிழலின் தலை படத்தின் கீழ் விளிம்பைத் தொட்டது.

மணி மூன்றரை. ஓடிவிடலாம். ஓடினால் வீட்டில் யார் இருக்கிறார்கள்? திரையைத் தொட்டாள். சில்லென்று ஈரமாக இருந்தது.

"அங்க தனியாவா இருக்கீங்க?" என்று கிசுகிசுத்தாள்.

கணினியின் விசிறி ஒரு மூச்சு நேரம் நின்றது.

"நானும்தாங்க," என்றாள்.

விசிறி சுழன்றது. அவள் எதையும் அழுத்தாமலே படம் புதிதாக விரிந்தது. இப்போது நிழல்கள் இரண்டு. தோளோடு தோள் உரச அக்கரைப் பக்கம் நீண்டிருந்தன. இரண்டாவது குட்டை. தலையில் அவளுடையது போலவே கொண்டை.

எந்தப் படத்திலும் அவள் தன்னை வைத்ததே இல்லை.

அப்படியே அனுப்பினாள். உடனே வின் அழைத்தான்.

"என்னக்கா, ஆளை எடுத்துட்டு நிழலை விட்டுட்டீங்க! அண்ணன் பக்கத்துல அது யாரு?"

லியென் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒற்றை விளக்கின் கீழே, வெள்ளை ஓடுகளின் மேல் நாற்காலியின் நிழல் விழுந்திருந்தது. குடையின் நிழலும் விழுந்திருந்தது. மெதுவாகக் கையை உயர்த்தினாள். விரல்களை விரித்தாள்.

தரையில் எதுவும் அசையவில்லை.