சினம் அளந்த விண்மீன்

காலையில் பல் துலக்குமுன் கண்ணைத் திருத்திக்கொள்வது, வியாழனைச் சுற்றும் மிதவை நகரத்தில் வழக்கம். கதிரவன் அங்கே ஒரு மங்கிய பொட்டு. விளக்கெரிக்க மின்சாரமும் போதாது. ஆகவே குடிமக்கள் அனைவருக்கும் குழந்தைப் பருவத்திலேயே வெப்பவிழி பொருத்திவிடுவார்கள். அகச்சிவப்பைக் காணும் அவ்விழிக்குச் சுவரும் தெரியும், சுடுகஞ்சியும் தெரியும், எதிரில் நிற்பவரின் கன்னத்தில் ஏறும் கோபமும் தெரியும்.

அவ்விழி அடிக்கடி பிசகும். எனவே வீட்டின் வடக்குச் சாளரத்தில் முகவாயை உயர்த்தி நின்று, அளவைமீன் என்னும் விண்மீனை நோக்கி, 'இதன் ஒளி இவ்வளவு' என்று விழிக்கு நினைவூட்டுவார்கள். கதிரவன் வானில் நடக்கும் கதிர்வீதியிலிருந்து மிக விலகி, வானின் வடமுனையருகே இருப்பது அம்மீன். கதிரவனோ கோள்களோ அப்பக்கம் தலைகாட்டுவதில்லையாதலால், ஆண்டு முழுதும் மறைவின்றித் தெரியும்.

அந்த மீன் மங்கத் தொடங்கியது. மங்கலையே முழு ஒளியென்று நம்பிய விழிகள், மற்ற யாவற்றையும் மிகையாகக் காட்டின. ஆறிய கஞ்சி கொதித்தது. ஊரார் எல்லாரும் சினந்தவராய்த் தோன்றினர்.

விண்மீன் அலுவலர் அறவாழிக்கு இதில் சொந்தக் கவலையும் இருந்தது.

"இன்னிக்கும் கோபமா, வடிவு?" என்றார் மனைவியிடம்.

"கோபம் என் முகத்துல இல்லைங்க, உங்க கண்ணுல இருக்கு. இதையே தினமும் கேட்டீங்கன்னா, சனி வளையத்துல எங்க அண்ணன் வீட்டுக்கே போயிடுவேன். முதல்ல நல்ல மீனாப் பாருங்க."

அறவாழி அந்த வடமுனை வானைச் சல்லடை போட்டுத் தேடினார். அகச்சிவப்பில் பளிச்சிடுபவை பெரும்பாலும் தூசு போர்த்திய முதுமீன்கள்; அவற்றின் ஒளி பொங்கும், அடங்கும்.

"இது எப்படி?"

"ஏறி இறங்குது ஐயா," என்றது கணியன் என்னும் இயந்திர உதவியாள்.

"அது?"

"அதுவும்தான். மனுசங்க மாதிரியே."

ஒருவழியாக, இம்மியும் அசையாத ஒளியுடன் ஒன்று சிக்கியது. நகரமே அதில் கண்ணைத் திருத்திக்கொண்டது. அறவாழி வீட்டுக்கு விரைந்தார். கஞ்சி ஆறித்தான் இருந்தது. வடிவின் முகம் மட்டும் முன்போலவே தகதகத்தது.

"மீன் சரியாத்தானே இருக்கு..." என்று இழுத்தார்.

"நானும் திருத்திட்டுத்தான் பார்க்கிறேன். உங்க காது ரெண்டும் கொதிக்குது," என்ற வடிவு, பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்கலானாள்.

மறுநாள் நகரத் தலைவி திலோத்தமை அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "உங்க மீன் ரொம்ப நேர்மையா இருக்கு ஐயா. எங்க மாமியார் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் அவங்க கன்னம் பத்தி எரியுது. இத்தனை நாள் கண்ணு பிசகுன்னு நிம்மதியா இருந்தேன். சபையில ஒருத்தரோட ஒருத்தர் பேசறதில்லை. கொஞ்சம் ஏறி இறங்குற மாதிரி ஒண்ணு கிடைக்குமா?"

"கழிச்சுப் போட்டது நிறைய இருக்கு," என்றது கணியன்.

நிலையான மீன் அடுப்படிக் கருவிகளுக்கு மட்டும் என்றும், மக்களுக்கு நிலையற்ற மீனே போதும் என்றும் சபை ஒருமனதாகத் தீர்மானித்தது.

அடுத்த காலை, கண்ணைத் திருத்திக்கொண்டு திரும்பினார் அறவாழி. வடிவின் கன்னம் தகதகத்தது.

"கோபமா, வடிவு?"

"உங்க கண்ணுதாங்க பிசகு," என்றாள் அவள், பெட்டியிலிருந்த புடவைகளை மீண்டும் அலமாரியில் அடுக்கியபடியே.

"ஆமாம், மீன் இன்னிக்கு ரொம்ப மங்கல்," என்றார் அறவாழி.

அன்று அது பிசகே இல்லாத முழு ஒளியில் இருந்ததை அறிந்த மனிதர், அந்நகரத்தில் அவர் ஒருவரே.