மறுநோக்கு எண்

விசை அமுங்கவில்லை. எட்வின் மச்சாது இன்னொரு முறை அழுத்திப் பார்த்தான். கேமராவின் கண்ணாடிக்குள் அவன் மனைவி ஜெனோவா பால்கனிக் கம்பியில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் தூத்துக்குடித் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் காலை வெயிலில் மினுங்கின. படத்தின் மூலையில் 2 என்ற எண் சிவப்பாக நின்றது.

"எடுத்தாச்சா? காபி ஆறுது."

"எடுக்க மாட்டேங்குது. ரெண்டுதான் காட்டுது. பத்துக்குக் கீழ போனா இது கண்ணைத் திறக்காதாம்."

"என்ன ரெண்டு?"

"இந்தப் படத்தை எடுத்தா, நம்ம ஆயுசுல அதை ரெண்டு தடவைதான் திறந்து பாப்போம்னு கணக்குப் போடுது."

ஜெனோவா விரலை மடக்கி எண்ணினாள். "அதுல ஒண்ணு எடுத்த உடனே சரியா வந்திருக்கான்னு பாக்கது. இன்னொண்ணு?"

"தெரியாம கை பட்டுத் திறந்துருக்கும்" என்றான் எட்வின். அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

அப்போதெல்லாம் படம் எடுப்பது என்று தனியாக ஒரு வேலை இல்லாமல் போயிருந்தது. சட்டைப் பொத்தானிலும் மூக்குக்கண்ணாடியிலும் பொருத்திய கண்கள் தூங்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் தாமாகவே படங்களை எடுத்துத் தள்ளின. ஒருவன் ஒரு நாளில் எடுத்ததைப் பார்த்து முடிக்க இன்னொரு நாள் பிடிக்கும். அதனால் யாரும் எதையும் பார்ப்பதில்லை. அந்தச் சலிப்பைக் காசாக்க வந்ததுதான் 'மறுநோக்கி'. சீட்டுக்கட்டு அளவில் ஓர் உலோகக் கேமரா. ஒரே லென்ஸ். உள்ளே ஒரு கணிமூளை. கோடிக்கணக்கான குடும்பங்கள் எந்தப் படத்தைத் தேடித் தேடித் திறந்தன, எதை மறந்தன என்று படித்துத் தேறிய மூளை அது. எதிரே இருப்பவரின் முகம், நிறம், மூச்சு, நடை எல்லாவற்றையும் அளக்கும். எடுப்பவனின் குரலையும் விரல் நடுக்கத்தையும் சேர்த்துக்கொள்ளும். பிறகு ஓர் எண் சொல்லும். விளம்பரத்தில் அதை 'மறுநோக்கு எண்' என்றார்கள்.

எட்வினுக்கு இதுதான் பிழைப்பு. சந்தைக்கு வருமுன் கேமராக்களை வாங்கி, அன்றாடப் புழக்கத்தில் வைத்துப் பார்த்து, மதிப்பெண் போட்டு எழுதுவான். அவன் பத்துக்கு ஏழு என்றால் ஏழுதான். அவன் கண் அப்படிப்பட்டது என்று பெயர்.

முதல் சில நாட்களில் அவன் குறித்துக்கொண்டதெல்லாம் வழக்கமான சங்கதிகள். சட்டைப் பைக்குள் அடங்குகிறது. கையில் கனம் தெரிகிறது, ஆனால் தொந்தரவில்லை. பளுவைவிடக் குளிர்ச்சிதான் முதலில் உறைக்கிறது. மீன் ஏலக்கூடத்தின் மங்கிய வெளிச்சத்திலும் செதில் செதிலாகப் பிரித்துக் காட்டுகிறது. விசையில் ஓசை இல்லை. மின்கலம் ஒரு முழுநாள் தாங்குகிறது. எண்ணும் பெரும்பாலும் நியாயமாகவே இருந்தது. அவன் ஆசைப்பட்ட அழகான அஸ்தமனங்களுக்கு மூன்றும் நான்கும் போட்டது. எதிர்வீட்டுப் பிள்ளை முதன்முதலாக எழுந்து நின்று பொத்தென்று உட்கார்ந்ததற்கு எண்பது போட்டது.

ஜெனோவாவுக்கு மட்டும் இரண்டைத் தாண்டவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவள் கேட்டாள். "இந்த ரசத்துக்கு எவ்வளவு போடுதுன்னு பாருங்களேன்."

அவன் கேமராவைத் திருப்பினான். "நாலு."

"என்னையவிட ரெண்டு கூட" என்றாள். இந்த முறை அவன் மட்டும்தான் சிரித்தான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜெனோவா கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் பணிமுறைக் கண்காணிப்பாளர். குழாய்களின் அழுத்தம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருப்பது அவள் வேலை. குழந்தை இல்லை. மூன்றாம் மாடியில் வீடு. மின்தூக்கி எப்போதும் பழுது. ஒரு மாலை அவள் வேலை முடிந்து படியேறி வரும்போது எட்வின் மேலே நின்று கேமராவைச் சோதித்துக்கொண்டிருந்தான். இரண்டாம் மாடித் திருப்பத்தில் தரையிலிருந்து கூரைவரை ஒரு ஜன்னல் உண்டு. மேற்கு வெளிச்சம் அதில் கொட்டியது. அவள் அங்கே நின்றாள். ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க, உதடு லேசாகத் திறந்திருக்க, வெளியே எதையோ பார்ப்பதுபோல் நின்றாள்.

எண் 640 என்றது. கேமரா கண்ணைத் திறந்தது.

அவன் இரண்டிரண்டு படியாக இறங்கினான். படத்தை அவளிடம் காட்டினான். அவள் எண்ணைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு முகத்தை. "நானா இது?" என்றாள்.

மறுநாள் அவள் நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு வேலைக்குப் போனாள். அவன் மாலையில் அதே இடத்தில் காத்திருந்தான். எண் ஆயிரத்தைத் தாண்டியது. அதன்பின் வீட்டுக்குள்ளும் கேமரா அவளுக்குத் திறந்துகொண்டது. அரிசி களைகையில், தலையணையில் சாய்ந்திருக்கையில், சும்மா கண்ணை மூடி உட்கார்ந்திருக்கையில். 'இந்தக் கருவி என் மனைவியைப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது' என்று எட்வின் மதிப்புரையில் ஒரு வரி எழுதி, அந்த வரியின் மேலேயே ஆசைப்பட்டுப் பலமுறை படித்தான்.

"கல்யாணமாகி இத்தன வருசத்துல இப்பத்தான் என்னைய நேரா பாக்கீய" என்றாள் ஜெனோவா. அவள் கன்னம் சிவந்திருந்தது. அது வெட்கம் என்றுதான் அவன் நினைத்தான்.

ஒரே முகம், ஒரே வீடு, எண் மட்டும் ஏன் தாவியது என்பதை மதிப்புரையில் விளக்கியாக வேண்டும். கேமராவைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர் மிதுலாவைச் சென்னையில் அழைத்து, படங்களை அனுப்பினான். படங்களைப் பார்த்த மிதுலா குரலைத் தாழ்த்தினாள்.

"சார், இதை நான் சொல்லக்கூடாது. எங்க கருவி வைத்தியத்துக்கான கருவி இல்லைன்னு கையெழுத்துப் போட்டுத்தான் விக்கிறோம்."

"சொல்லுங்க. நான் எழுத மாட்டேன்."

"ஜனங்க யாரோட படத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பாக்குறாங்க சார்? கூட இருக்கறவங்க படத்தையா? இனிமே எடுக்க முடியாதவங்க படத்தைத்தான். கணிமூளை அதைத் தானாவே கத்துக்கிச்சு. அவங்க படியில நிக்கறது வெளியே பாக்கறதுக்கு இல்ல. மூச்சு முட்டி நிக்கறாங்க. உதட்டு நிறத்தைப் பாருங்க. உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

எட்வின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தான். உதட்டோரம் நீலம் பாய்ந்திருந்தது. அதை அவன் ஜன்னல் வெளிச்சத்தின் சாயல் என்று நினைத்து ரசித்திருந்தான்.

அன்றே அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போனான். அவள் கண்ணாடி முன் நின்று காதில் கம்மலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தேருக்கு இதப் போடவா?" என்று கேட்டாள். மாதா கோயில் தேர் அடுத்த வாரம். ஊர்வலம் அவர்கள் தெரு வழியாக வரும். அந்த ஜன்னலில் தேர் தெரிய, முன்னால் ஜெனோவா நிற்க, மாலை வெயில் விழ ஒரு படம். மதிப்புரையின் முகப்புக்கு அது போதும். ஒரு வாரம்தானே என்று நினைத்தான். இத்தனை நாள் தாங்கிய உடம்பு இன்னும் ஒரு வாரம் தாங்காதா? இப்போது ஆஸ்பத்திரி என்றால் பயந்துவிடுவாள், முகம் வாடிவிடும் என்றும் நினைத்தான். அந்த நினைப்பைக் கருணை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"போடு. நல்லாருக்கும்" என்றான்.

தேரன்று அவள் நீலப் பட்டு உடுத்தியிருந்தாள். தெருவில் ஜெபமாலைச் சத்தம் நெருங்கியது. அவன் மேலே கேமராவோடு நின்றான். அவள் கீழிருந்து ஏறி வந்து ஜன்னலில் நின்றாள். தேர் இன்னும் முனை திரும்பவில்லை.

"ஒரு தடவ இறங்கி ஏறி வா, ஜெனோ."

அவள் இறங்கி ஏறினாள். இப்போது தேர் வந்தது. ஆனால் அவள் தலை அதை மறைத்தது.

"இன்னொரு தடவ. இந்தா, இதான் கடைசி."

"மூச்சு வாங்குதுங்க."

"வெளிச்சம் போயிரும், ஜெனோ. சீக்கிரம்."

அவனுக்காக அவள் ஏறினாள். கம்பியைப் பிடித்தபடி அவனை அண்ணாந்து பார்த்துச் சிரிக்க முயன்றாள். எண் கடகடவென்று ஏறி 2300ஐத் தொட்டது. அவள் முழங்கால் மடிந்தது. விழுவதற்கு முந்திய நொடியைக் கேமரா எடுத்துவிட்டது. ஓசையே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அவள் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. மாற்றினார்கள். "நல்ல நேரத்துல வந்துட்டீங்க. இனி ஒண்ணும் பயமில்ல, நூறு வயசு இருப்பாங்க" என்றார் மருத்துவர். எட்வின் வராந்தாவில் நின்று அழுதான். பிறகு அறைக்குள் போய், தூங்கும் அவளை நோக்கிக் கேமராவைத் தூக்கினான். எண் இறங்கியிருக்க வேண்டும். இரண்டோ மூன்றோ காட்டி, கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அதை அவன் ஆசையோடு எதிர்பார்த்தான்.

3100.

அவன் மருத்துவரிடம் ஓடினான். எல்லாச் சோதனைகளையும் திரும்பச் செய்ய வைத்தான். எல்லாம் நன்றாக இருந்தது. எண் மட்டும் தினமும் ஏறியது. அவன் அவளைத் தரையில் கால் ஊன்ற விடவில்லை. கஞ்சியை ஊதி ஊதி ஊட்டினான். "ஐயே, நான் என்ன கைப்பிள்ளையா?" என்று அவள் கூச்சப்பட்டாள். அந்த நாட்களில் அவள் மிகவும் சந்தோஷமாக இருந்தாள்.

வீடு திரும்பும் நாளுக்கு முந்திய நாள் மிதுலா சென்னையிலிருந்து பழக்கூடையோடு வந்தாள். சின்னப் பெண். ஜெனோவாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க முகத்தைப் பாத்த பிறகுதான் அக்கா எனக்கு நிம்மதி. சார்கிட்ட அன்னிக்கு ஃபோன்ல சொல்லிட்டேனே தவிர, எனக்குத் தூக்கமே இல்ல. நல்லவேளை, உடனே கூட்டிட்டு வந்துட்டார்."

ஜெனோவா எட்வினைப் பார்த்தாள். பிறகு மிதுலாவைப் பார்த்தாள். "என்னைக்கும்மா சொன்ன?"

"திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னாடி." சொன்ன பிறகுதான் மிதுலாவுக்கு உறைத்தது. கையை மெல்ல விலக்கிக்கொண்டு எழுந்து வெளியே போனாள்.

ஜெனோவா போர்வையை விலக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்குத் திரும்பத் திரும்ப ஏறச் சொன்னீயளே" என்றாள் ஜெனோவா. "தெரிஞ்சுதான் சொன்னீயளா?"

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பொய்கூடச் சொல்லியிருக்கலாம். எட்வின் வாயிலிருந்து வந்தது வேறு.

"வெளிச்சம் போயிருமேன்னுதான், ஜெனோ..."

அவள் அதற்கப்புறம் அவனோடு பேசவில்லை. மறுநாள் அவள் தம்பி ரூபன் வண்டியோடு வந்தான். அவள் புது வால்வோடு, யார் கையையும் பிடிக்காமல், ஒரே மூச்சில் ஆஸ்பத்திரிப் படியிறங்கிப் போனாள்.

எட்வின் மிதுலாவை அழைத்தான். "செத்துப்போறவங்களுக்குத்தான் எண் கூடும்னு சொன்னீங்களே. அவளுக்குத்தான் குணமாயிட்டே!"

"நான் அப்படிச் சொல்லல சார். இனிமே எடுக்க முடியாதவங்கன்னுதான் சொன்னேன்." அவள் குரலில் பழைய மரியாதை இல்லை. "அது அவங்க மூச்சை மட்டும் அளக்கல. விசையில இருக்கற விரலையும் அளக்குது. அவங்க தள்ளாடறப்போ உங்க விரல் நடுங்கவே இல்ல சார். அப்படிப்பட்ட ஆள்கிட்ட யாரும் ரொம்ப நாள் இருக்க மாட்டாங்கன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

மதிப்புரை வெளியானது. பத்துக்குப் பத்து. அவன் வாழ்நாளில் போடாத மதிப்பெண். முகப்பில் நீலப் பட்டுடுத்திய ஜெனோவா. கேமரா விற்றுத் தீர்ந்தது. சில மாதங்களில் எண் ஏறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு என்பது மெல்லக் கசிந்தது. கணவன்மார் மனைவியரையும், மனைவியர் கணவன்மாரையும் ரகசியமாகக் குறிபார்த்தார்கள். எண் கூடியிருந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, 'யாருடி அவன்?', 'யாருங்க அவ?' என்று ஆரம்பித்தார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் கேமராவோடு போனார்கள். கண்ணைத் திறக்காத பெண்ணே குடும்பத்துக்கு ஆவாள் என்று ஒரு நம்பிக்கை பிறந்தது. மறுபடியும் மறுபடியும் பார்க்கத் தோன்றும் முகத்தோடு வீட்டில் இருப்பது ஆபத்தாகிப் போனது.

ரூபன் ஒருநாள் அழைத்தான். "அத்தான், அக்கா அந்தப் படத்தயெல்லாம் அழிச்சிரச் சொல்லுதா. வேற ஒண்ணும் கேக்கல."

"அழிச்சிருதேன்" என்றான் எட்வின். உண்மையாகவே அழிக்கத்தான் உட்கார்ந்தான். மொத்தமாக அழிக்க ஒரு விசை உண்டு. அதைத் தொட மனம் வரவில்லை. ஒவ்வொன்றாக, கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டு அழிப்போம் என்று திறந்தான். பார்த்தான். அழிக்கவா என்று கேமரா கேட்டது. வேண்டாம் என்று அழுத்தி, அடுத்ததைத் திறந்தான்.

அழிப்பதற்கென்று அவன் தினமும் உட்கார்ந்தான்.

அவன் எத்தனை முறை திறக்கிறான் என்பது சென்னைக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஆண்டு முடியுமுன்பே, அவன் ஆயுள் முழுவதற்கும் போட்ட கணிப்பைத் தாண்டிவிட்டது. மிதுலாவின் குழு அதைப் பிழை என்று குறித்துக்கொண்டது. அடுத்து வந்த மாதிரியில், எட்வினைப் போன்ற விரல்களுக்கு எண்ணைக் கொஞ்சம் கூட்டியே காட்டும்படி திருத்தினார்கள்.