ஆடுகள் விலகிய இடம்

பேருந்து சோல்வெய்யைக் காட்டுப் பாதை முனையில் இறக்கிவிட்டுப் போனது. அண்ணன் சிக்ஸ்டன் பனியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, கார்ல்ஸ்டாட் மருத்துவமனையில் கிடந்தார். அவர் திரும்பி வரும்வரை ஆடுகளைப் பார்த்துக்கொள்ள அவள் கோத்தன்பர்க் நகரத்திலிருந்து வந்திருந்தாள். பக்கத்துப் பண்ணை ஹால்வார் டிராக்டரோடு காத்திருந்தான்.

"கோத்தன்பர்க் மேடம் வந்தாச்சா? இந்த பூட்ஸப் பாத்தா ஆடுங்க சிரிக்குமே!"

"சிரிக்கட்டும். நீ முதல்ல ஹீட்டரப் போடு."

வழியெங்கும் வேலிகள் பனிக்குள் மூழ்கிக் கிடந்தன. இடையில் ஒருநாள் மழை பெய்து, அது அப்படியே உறைந்துபோனதாம். பனியின் மேல் கண்ணாடிபோல ஒரு பொருக்கு பிடித்திருந்தது.

"ஓநாய்க்கு அது தார் ரோடு மாதிரி. பாதம் அகலம்ல, மேலயே நடந்து வந்துடும்," என்றான் ஹால்வார். "மானுக்கு அது கத்தி. குளம்பு பொத்துக்கிட்டு உள்ள போகும், காலைக் கிழிச்சிடும். ஓடவே முடியாது, பாவம். பொழுது சாஞ்சா கொட்டகைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுடு. ஆடெல்லாம் சினையா இருக்கு."

அன்று மாலை அண்ணன் போனில் கேட்ட முதல் கேள்வி ஆடுகளைப் பற்றியதல்ல.

"டீச்சர் வந்தாளா?"

"யாரு?"

"காது கிழிஞ்ச பொட்ட மான். தினமும் நேரம் தவறாம வருவா, அதான் அந்தப் பேரு. நான் விழுந்து கிடந்தப்ப ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் தள்ளி நின்னு பாத்துக்கிட்டே இருந்தாம்மா. கொட்டகைச் சுவரோரமா அவளுக்குக் கொஞ்சம் புல்லு போடு."

சோல்வெய் போட்டாள். மான் வந்தது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு அவள் புல்லை உதறும் சத்தம் கேட்டதுமே. வரவர அவள் கைக்கெட்டும் தூரத்தில் நின்று மென்றது. தன்னை நம்பி ஒரு காட்டு விலங்கு வருவதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்தப் பெருமை ஒரு சாயங்காலத்தில் தீர்ந்தது.

தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தாள். பாதி திறந்திருந்த கதவு வழியாக மான் உள்ளே வந்தது. முன்னங்கால்களில் முழங்காலுக்குக் கீழே தோலுரிந்து ரத்தம் வழிந்தது. விலா விம்மி விம்மித் தணிந்தது. ஆடுகள் மிரளவில்லை. மெல்ல விலகி, வடக்கு மூலையில் அதற்கு இடம்விட்டன. மான் அங்கே போய் நின்றது.

சோல்வெய் வெளியே எட்டிப் பார்த்தாள். காட்டோரத்திலிருந்து சாம்பல் நிற உருவங்கள் பனியின் மேல் வந்துகொண்டிருந்தன. அவசரமில்லை. சத்தமில்லை.

கதவைச் சாத்தியிருக்கலாம். செய்ய வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஆனால் அவள் மூக்கில் ரத்த வாடை ஏறியது. இந்த வாடை இங்கே இருக்கும்வரை அவை போகாது, கதவைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வரும் என்று மனம் பதறியது. அவள் யோசிப்பதற்குள் கைகள் வேலையைத் தொடங்கிவிட்டன. மானின் விலாவில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துத் தள்ளினாள். அது கால்களை ஊன்றிக்கொண்டது. குளம்புகள் தரையில் வழுக்கின. கத்தவில்லை. தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. அவள் தோளையும் கொடுத்து நெட்டித் தள்ளினாள்.

கதவு. தாழ்ப்பாள்.

வெளியே பனி உடையும் சத்தம்.

மீண்டும் ஒருமுறை.

பிறகு மான் அலறியது.

சோல்வெய் காதுகளைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைகளில் அதன் உடம்புச் சூடு இன்னும் இருந்தது. அவள் நிமிர்ந்தபோது ஆடுகள் எல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

விடியும்வரை பனி கொட்டிக் காலடித் தடங்களையெல்லாம் மூடியது. பனி தள்ள வந்த ஹால்வார் சமையலறை ஜன்னல் வழியாக ஓடைப் பக்கம் கையைக் காட்டினான்.

"டீச்சரை முடிச்சிட்டானுங்க. தலை மட்டும் கிடக்கு, கிழிஞ்ச காதோட. கொட்டகை வரைக்கும் வந்து சேர முடியல போல. நீ எதாவது பாத்தியா?"

"இல்ல."

"நீ பயந்துடாம தாழ்ப்பாள் போட்டியே, அதுவே பெரிசு. சிக்ஸ்டன்கிட்ட சொல்றேன், உன் தங்கச்சி கெட்டிக்காரின்னு."

அவள் காபிப் பாத்திரத்தைக் கழுவுவதுபோலத் திரும்பிக்கொண்டாள். அண்ணனிடமும் அதே "இல்ல"தான் சொன்னாள். அவர் "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் கொட்டகைக்குள் நுழைந்ததும் சோல்வெய் நின்றுவிட்டாள்.

ஆடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு படுத்திருந்தன. வடக்கு மூலையில் மட்டும் இடம் காலியாக இருந்தது. வைக்கோல் அமுங்கியிருந்தது. ஓர் ஆட்டைப் பிடித்து அங்கே நகர்த்தப் பார்த்தாள். அது கால்களை ஊன்றிக்கொண்டு மறுத்தது.

குனிந்து தொட்டாள்.

சூடாக இருந்தது.

குளிரில் ஆடுகளின் மூச்சு ஆவியாக எழுந்துகொண்டிருந்தது. அந்தக் காலி இடத்திலிருந்தும் எழுந்தது. சீராக, மெல்லியதாக. கூடவே இரும்பு போன்ற ரத்த வாடை. யாரோ புல்லை நிதானமாக மெல்லும் ஓசை.

ஈரமான ஏதோ ஒன்று அவள் உள்ளங்கையைத் தொட்டு மோந்தது.

அவள் ஓடவில்லை. ஓட வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சிடு," என்று முணுமுணுத்தாள். சொன்னதும் அந்தச் சொல் அவளுக்கே கூசியது. கதவுப் பக்கம் திரும்பித் தாழ்ப்பாளைப் போட்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் நீளமாக ஒரு மூச்சு வெளிப்பட்டது, அப்பாடா என்று யாரோ ஓய்ந்து உட்கார்வதுபோல.

பழிவாங்க வந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். அது அவளை இன்னும் நம்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் அந்த மூச்சு வந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் அவள் தலைகுனிந்து வெளியேறினாள்.

அண்ணன் ஊன்றுகோல்களோடு வீடு திரும்பிய அன்று ஹால்வாரும் வந்திருந்தான். மூவரும் காபிக்கு உட்கார்ந்தார்கள்.

"டீச்சர் கடைசியா வந்தது எப்ப?" என்றார் அண்ணன்.

சோல்வெய்க்கு அதற்குமேல் முடியவில்லை. சொல்லிவிட்டாள்.

"உள்ள வந்துட்டாளா?"

"ம்."

"கதவு நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குண்ணா."

"அப்புறம் என்ன?"

அண்ணன் சர்க்கரை போடாத காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். ஹால்வார் தன் தொப்பியின் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலைல பஸ் இருக்கு," என்றார் அண்ணன்.

வடக்கு மூலையைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. அதைச் சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லை என்று பட்டது. கோத்தன்பர்க் வந்த பிறகு அண்ணன் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை.

ஜூன் வந்தது. காட்டில் மான்கள் குட்டி போடும் மாதம். வெளிச்சம் போகாத ஒரு சாயங்காலத்தில் போன் அடித்தது.

"சோல்வெய்."

"சொல்லுண்ணா."

"ஆடுங்கள இப்பதான் உள்ள அடைச்சேன்." அவர் குரல் தாழ்ந்திருந்தது. கொட்டகையிலிருந்துதான் பேசினார். "வடக்கு மூலைய நீ பாத்திருக்கல்ல?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "பாத்திருக்கேன்."

"நானும் வந்த நாள்லேருந்து பாத்துட்டுதான் இருக்கேன். உன்கிட்ட பேசப் பிடிக்கல, அதான் சொல்லல. ஆனா இன்னைக்கு ஆடுங்க இன்னும் தள்ளிப் படுத்திருக்குங்க. இடத்தப் பெருசாக்கி விட்டிருக்குங்க."

"அண்ணா..."

"வைக்கோல்ல எப்பவும் இருக்கிற பள்ளம் இருக்கு. அத ஒட்டினாப்ல சின்னதா இன்னும் ரெண்டு. தொட்டுப் பாத்தேன். ஈரமா இருக்கும்மா. சூடா இருக்கு."

அவர் போனைக் கீழே, வைக்கோலருகே பிடித்தார். போனுக்கு மிக அருகே, மெல்லியதாக ஏதோ கீச்சிட்டது.

அதற்குப் பதில் சொல்வதுபோல இன்னொன்றும்.