ஐந்தாம் லயத்துத் தண்ணீர்

இருபத்தாறாவது அடியில் மண்ணெண்ணெய் வாசம் அடித்தது. மத்தேயு கிணறு தோண்டுவதை நிறுத்தி, ஒரு பிடி மண்ணை அள்ளி முகர்ந்தான். ஈர மண்ணின் குளிர்ந்த வாசத்துக்கு உள்ளே, சற்று முன்தான் ஊதி அணைத்ததுபோல, குப்பி லாம்பின் புகை வாசம்.

மண்ணைக் கூடையில் கொட்டிக் கயிற்றை ஆட்டினான். மேலே பிரான்சிஸ்கா கப்பிக் கயிற்றை இழுத்தாள்.

மடுல்சீமைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மழை பெய்து ஐந்து மாதம். லயத்து வீடுகளுக்கான பீலிக் குழாயில் சொட்டிய தண்ணீரும் நின்று மூன்று வாரம். தண்ணீர் கொண்டுவந்த பவுசர் வண்டி, பாதை சரியில்லை என்று பாதியிலேயே திரும்பியது. ஓடையில் தேங்கிய தண்ணீரைக் குடித்த அவர்களுடைய மகள் நிலுக்ஷி நான்கு நாளாக வயிற்றோட்டத்தில் கிடந்தாள். அழுதால்கூட இப்போது கண்ணீர் வரவில்லை.

கிணற்றுக்கு இடம் பார்க்க வந்த அதிகாரி மேட்டைத்தான் காட்டினார். அங்கே பாறை. துளைக்கும் இயந்திரம் ஏறப் பாதை கிடையாது. இந்தச் சரிவைக் காட்டிக் கேட்டபோது அவர் தயங்கினார்.

"தண்ணி இருக்கும். சரிஞ்ச மண்ணு மழையக் குடிச்சு வச்சிருக்கும், அடியில பாறை இருக்கிறதால கீழ எறங்காது. ஆனா இங்க தோண்ட வேணாம்."

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் மலை இறங்கி ஐந்தாம் லயத்து வீட்டு வரிசையை மூடியது இங்கேதான். ஒன்பது பேரின் உடலை எடுத்தார்கள். மூன்று வீட்டு ஆட்களை எட்டவே முடியவில்லை.

அலவாங்கின் இரும்பு முனை எதிலோ மோதியது. மண்ணை விலக்கினான். சிமெந்து. அதன் ஓரத்தில் தண்ணீர் கசிந்தது. நக்கிப் பார்த்தான். இனித்தது.

அப்போதுதான் குடம் வைக்கும் சத்தம் கேட்டது. சிமெந்துத் தரையில் வெறும் குடத்தை வைத்தால் கேட்கும் அந்தச் சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொன்று. அதன்பின் இன்னொன்று. விடியற்காலையில் பீலியடியில் வரிசை பிடிக்கிறவர்கள் வைப்பதைப்போல, அவசரமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக.

"பிரான்சிஸ்கா, மேல யாரு வந்திருக்கா?"

"யாருமில்லீங்க. பனி எறங்கிருச்சு. நா மட்டுந்தான்."

ஈரச் சுவரில் காதை வைத்தான். உள்ளே யாரோ இருமினார்கள். ஒரு பிள்ளை சிணுங்கியது. அதட்டும் குரல். பிறகு எல்லாம் அடங்கியது, இவன் கேட்பது அங்கே தெரிந்துவிட்டதைப்போல.

ஏணியைப் பிடித்தான். கால் ஏறவில்லை. நிலுக்ஷியின் வெடித்த உதடு கண்ணுக்குள் நின்றது.

இன்னும் ஒரு குத்து. ஒன்றே ஒன்று.

குத்தினான். சிமெந்து உடைந்தது. தண்ணீர் பீறிட்டது. கணுக்கால். முழங்கால். இடுப்பு. தண்ணீருக்குள் ஏதோ அவன் கால்சட்டையைப் பிடித்தது. மெதுவாக. கூட்டத்தில் ஒரு பிள்ளை அப்பாவைத் தவறவிடாமல் பிடிப்பதுபோல.

உதறினான். ஏறினான்.

மேலே வந்து மண்ணில் விழுந்தான். இடுப்புவரை நனைந்திருந்தவனைப் பிரான்சிஸ்கா பார்த்தாள். லயத்துப் பக்கம் திரும்பி, "தண்ணி வந்திருச்சு" என்று கூவினாள். பனிக்குள்ளிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். அவள் வாளியை எடுத்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வேணாம் புள்ள."

"நம்ம பிள்ள சாகப் போவுதுங்க."

அவன் கை தானாக விலகியது.

வாளி இறங்கியது. நிரம்பியது. அவள் இழுத்தாள், கப்பி அசையவில்லை. பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி வந்து கை கொடுத்தாள். இன்னும் இரண்டு பேர். அதற்குப்பின் நான்கு பேர்.

"என்னாங்க இப்பிடிக் கனக்குது," என்றாள் தனலெட்சுமி சிரித்துக்கொண்டே. "விட்டுறாதீங்க, இழுங்க."

கிணற்றின் விளிம்பில் கவிழ்ந்து கிடந்தவன் மத்தேயு மட்டுந்தான். மற்றவர்கள் கயிற்றோடு பின்னால் சாய்ந்திருந்தார்கள். அவன் குனிந்து பார்த்தான்.

வாளியின் விளிம்பைச் சின்ன விரல்கள் பற்றியிருந்தன. அந்தப் பிள்ளையின் இடுப்பை ஒரு பெண்ணின் சேறு படிந்த கைகள். அவள் தோளை இன்னொருவர். அவருக்குக் கீழே இன்னொருவர். இருட்டுக்குள் வரிசை இறங்கிக்கொண்டே போனது. எல்லா முகங்களும் மேலே நிமிர்ந்திருந்தன. எல்லா வாய்களும் திறந்திருந்தன, மண் நிரம்பி.

"இன்னும் கொஞ்சந்தான்," என்றார்கள் அவன் பின்னால். "இழுங்க."