ஜெயா பூட்டிய திரை

கிட்டே வாங்க, கண்ணுகளா. பக்கத்திலே உட்காருங்க. பொறாமையிலே வெந்த ஒருத்தன் கதையை இப்போ சொல்கிறேன்.

"ஐயோ... மாட்டிக்கிட்டேனே!"

வட்டக்கானல் விடுதியில் காலை பதினொரு மணிக்கு அலறியவன் மகேந்திரன். விடுதிக்காரன். எதிரே மனைவி ஜெயாவின் லினக்ஸ் கம்ப்யூட்டர்.

மூன்று மாதமாக அவனுக்குத் தூக்கமில்லை. செவ்வாய், வெள்ளி தவறாமல் ஜீப்காரன் சிவராமன் வருவான். ஜெயா பக்கத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பான். சிரிப்புச் சத்தம் கேட்கும். மகேந்திரன் டீயோடு நுழைந்தால்...

டக்! திரையைப் பூட்டிவிடுவாள்.

அந்தக் கம்ப்யூட்டரில் அவனுக்கும் தனிக் கணக்கு உண்டு. ஆனால் அவள் ஃபோல்டர் மட்டும் திறக்காது.

போன வாரம் சிவராமனின் ஜீப் டயர் நாலும் கிழிந்து கிடந்தபோது, முதல் ஆளாக ஓடிப் போய் "அடப்பாவமே!" என்றவனும் இந்த மகேந்திரன்தான். மனசு அவ்வளவு பெரிசு!

இன்று ஜெயா சந்தைக்குப் போயிருந்தாள். வத்தலக்குண்டு பிரவுசிங் சென்டர்க்காரன் அந்த ஃபோல்டரைத் திறக்கத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த கட்டளையை, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினான். தன் பாஸ்வேர்டையும் கொடுத்தான்.

திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி. எழுத்துக் கூட்டிப் படித்தான்.

'உனக்கு அனுமதி இல்லை. இச்சம்பவம் புகார் செய்யப்படும்!'

புகாரா...? போலீசுக்கா?

தேடி வருவதற்குள் நாமே போய்விடுவது மேல்! போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினான்.

"ஏட்டையா! புகார் வந்துருச்சுங்களா?"

ஏட்டு பொன்னுச்சாமி நிமிர்ந்தார். "என்ன புகாருய்யா?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க! எம்பொண்டாட்டி கம்ப்யூட்டர நோண்டுனது நாந்தேன். சிவராமன் ஜீப் டயரக் கிழிச்சதும் நாந்தேன்!"

ஏட்டின் பேனா கீழே விழுந்தது.

"அது நீதானா...? ஒரு வாரமா ஆளத் தேடிக்கிட்டு கெடக்கேன்!"

போன் பறந்தது. மூச்சிரைக்க ஜெயா வந்தாள்.

"என்னங்க, அந்த மெசினுக்குப் பொறுப்பு நானு. புகார் எனக்குத்தாங்க வரும்!"

"அப்ப... போலீசுக்கு வராதா?"

"நீயேதான்யா கொண்டாந்துட்ட!" என்றார் ஏட்டு.

"அந்த ஃபோல்டர்ல என்னதான் புள்ள வச்சிருக்க?"

"நம்ம விடுதியில தங்குனவங்க பாஸ்போர்ட் நகலு. நம்மள நம்பிக் குடுத்தது. உங்களுக்கே காட்டமாட்டேன். அதைப் பூட்டி வைக்கத்தான் சிவராமன் அண்ணன்கிட்ட படிச்சேன்."

"சிவராமனுக்கு... அனுமதி உண்டா?"

"அண்ணனுக்கும் கெடையாது."

மகேந்திரன் முகத்தில் மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு சிரிப்பு! வாய் காதுவரை போயிற்று.

ஏட்டு லாக்கப்பைத் திறந்தார்.

"என்னலே இளிப்பு? இந்தக் கதவுக்குப் பாஸ்வேர்டெல்லாம் கெடையாது. வெரசா உள்ள போ!"

உங்க வீட்டுப் பூட்டெல்லாம் திருடனுக்கு மட்டும் தடையா இருக்கட்டும், கண்ணுகளா. உள்ளே இருக்கிற மனசுகள் ஒன்றையொன்று நம்பட்டும். நல்லா இருங்க.